கார் இல்லாத கார் ஷெட்டில் ஒரு பம்பர்

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். நான், என் கூட்டாளி பஷீர் பாய், என் மனைவி கலாமணி, என் மாமனார், லாரிக்காரர் சின்னராசு அண்ணன். லாரியையும் ஆள் கணக்கில் சேர்த்தால் தப்பில்லை. எங்கள் எல்லாரையும் விட அதுதான் நிதானமாக நின்றது.

இத்தனை பேரும் நேற்று திடீரென்று என் நினைவில் வந்து நின்றதற்குக் காரணம் ஒரு வாசனை. நாமக்கல்லில் ஒரு பெயிண்ட் கடைக்குப் போயிருந்தேன். உள்ளே யாரோ ரெட் ஆக்சைடு டப்பாவைத் திறந்து குச்சியை விட்டுக் கலக்கினார்கள். இரும்புக்கு முதல் பூச்சாக அடிக்கிற செங்காவி நிறப் பெயிண்ட். அந்த நெடிக்கு மற்றவர்களுக்குத் தலை வலிக்கும். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, இன்றைக்கும், ஏதோ பெரிசாக நடக்கப்போகிற மாதிரி.

என் நெஞ்சு படபடக்கப் பெரிய காரணமெல்லாம் வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பூட்டிய கதவைப் பூட்டினோமா என்று பாதி வழியில் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ரகம் நான். ஒன்பதாவதில் கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போயிற்று, நான் பள்ளிக்கூடம் போகவில்லை. லாரிக்கு பாடி கட்டுகிற ஒரு பட்டறையில் போய் ஒட்டிக்கொண்டேன். கணக்குக்குப் பயந்து ஓடியவன் காலமெல்லாம் அளவு நாடாவும் கையுமாக அலைய வேண்டியிருந்தது. தலையெழுத்து என்றால் இதுதான் போலிருக்கிறது.

அந்தப் பட்டறையில்தான் பஷீர் பாய் பழக்கமானார். சேலத்துக்காரர், என் வயதுதான். நான் எதற்கும் நாலு தரம் யோசிப்பேன். அவர் நாலு வேலையை முடித்துவிட்டு முதல் வேலையை யோசிப்பார். தனியாகத் தொழில் தொடங்கலாம் என்றது அவர். எங்கே என்று கேட்டது நான். என் மாமனார் வீட்டு கார் ஷெட்டில் என்றதும் அவர்தான்!

மாமனார் வீடு புதுச்சத்திரம் பக்கம், ஹைவேஸை ஒட்டி. அந்த வீட்டில் நான் வீட்டோடு மாப்பிள்ளை. வீட்டுக்குப் பிளான் போட்டவர் சும்மா இருக்கட்டும் என்று ஒரு கார் ஷெட்டை வரைந்துவிட்டார். மாமனாரிடம் இருந்ததோ ஒரு மொபெட். ஷெட்டில் சின்ன வெங்காயமும் கால் உடைந்த கட்டிலும் குடியிருந்தன. அவற்றை வெளியேற்றிவிட்டு நாங்கள் குடிபோனோம். மாமனார் மறுக்கவில்லை. ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"மில்லுல உங்களுக்கு ஷிப்டு வேலைக்குச் சொல்லி வெச்சிருக்கறனுங்க மாப்ள. இந்த மொத வேலை சரியா வந்தா வரட்டும். இல்லீனா திங்கக்கெழம அங்க சேந்துக்கங்க. ஷெட்டையும் காலி பண்ணிப்போடலாம்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. மரியாதையாகச் சொன்னார். அதில்தான் எனக்கு இரண்டு நாள் தூக்கம் போயிற்று.

முதல் வேலை சின்னராசு அண்ணனுடையது. சொந்த லாரி, ஓட்டுவதும் அவரே. வண்டிக்கு எஃப்.சி. பார்க்க வேண்டும், அதாவது இந்த வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டிச் சான்று வாங்க வேண்டும். அதற்குப் பின்பக்கம் புது பம்பர் போட்டாக வேண்டும். பின்னால் வருகிற கார் லாரிக்கு அடியில் புகுந்துவிடாமல் தடுக்கக் குறுக்கே மாட்டுவார்களே, அந்த இரும்பு. தரையிலிருந்து அது இன்ன உயரத்துக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கு உண்டு. தம்மம்பட்டியிலிருந்து மக்காச்சோளம் ஏற்றி, நாமக்கல் தீவனக் கம்பெனிக்குப் போகிற வழியில் அண்ணன் வாசலில் நிறுத்தினார். நாங்கள் வண்டிக்கு அடியில் படுத்து அளவெடுத்தோம். நான் மூன்று தரம் அளந்தேன்.

அந்த நாட்களை நினைத்தால் என்னால் இப்போதும் ஒரு இடத்தில் உட்கார முடியாது. சி சேனல் என்கிற இரும்புச் சட்டத்தை இரண்டு கல் மேல் தூக்கி வைத்து, சாக்பீஸால் கோடு போட்டு, பாய் கேஸ் கட்டரைப் பற்றவைப்பார். முதலில் மஞ்சளாகப் புகைந்து, ஆக்சிஜனைத் திறந்ததும் சீறி நீலமாக ஒடுங்கும் தீ. இரும்பு சிவந்து, பழுத்து, பிறகு ஒரே பாய்ச்சலில் பொறிமழை! ஷெட் பூராவும் தீபாவளி. வெட்டின துண்டு 'ணங்' என்று தரையில் விழுகிற சத்தம் கேட்டால் எங்கள் இரண்டு பேர் முகத்திலும் இளிப்பு. எனக்கு அந்த இளிப்புக்கு நடுவிலேயே சிலிண்டர் பயமும், கொடியில் காய்கிற கலாமணியின் சேலை பயமும். நான் வாளித் தண்ணீரோடு சுற்றிச் சுற்றி வருவேன்.

"மச்சான், வேலை செய்றியா, வாசல் தெளிக்கிறியா?" என்பார் பாய்.

பம்பரைத் தொங்கவிடுகிற தாங்கிப் பட்டைகளை வெல்டிங் வைக்கலாம் என்றார் அவர். எனக்குத் துணிவு வரவில்லை. ஒட்டிவிட்டால் ஒட்டியதுதானே. போல்ட் போடலாம் என்று சொல்லி, ஒரு ஓட்டை போதும் என்கிற இடத்தில் எதுக்கும் இருக்கட்டும் என்று மேலிருந்து கீழாக வரிசையாக ஓட்டை போட்டு வைத்தேன். பாய் அதைத் தூக்கிக் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, "கலாமணிம்மா, உங்க வீட்டுக்காரர் இட்லித் தட்டு செஞ்சிருக்காரு, மாவு இருக்கா?" என்று கத்தினார். அதற்குப் பழிவாங்குகிற மாதிரி அவரும் ஒன்று செய்தார். குறுக்குச் சட்டத்தில் நடுவாக வரவேண்டிய ஓட்டைகளை அவசரத்தில் கீழ் ஓரமாகப் போட்டுவிட்டார். நான் இரண்டு டீ குடித்தேன். தாங்கும் என்று அவர் சொன்னார். சரி என்று ரெட் ஆக்சைடு அடித்து, மேலே வெள்ளையும் அடித்தோம். சின்னராசு அண்ணனின் ஆசைப்படி நடுவில் சிவப்பில் 'குலசாமி துணை' என்று பாயே எழுதினார். அவர் கையெழுத்து அழகாக இருக்கும்.

எஃப்.சி. அன்று காலையில் அண்ணன் லாரியோடு வந்துவிட்டார். மாட்டினோம். அழகென்றால் அப்படி ஒரு அழகு! கலாமணி கைதட்டியேவிட்டாள். எனக்குத்தான் சும்மா இருக்க முடியாதே. எதுக்கும் ஒரு தரம் என்று குனிந்து நாடாவைப் பிடித்தேன்.

நான்கு விரல் உயரம் அதிகம்.

மறுபடி பிடித்தேன். நான்கு விரல்தான். பாய் என்னைத் தள்ளிவிட்டு அவரே அளந்தார். பிறகு எழுந்து லாரியின் பின்னால் போய் நின்று, காலியாகக் கிடந்த பாடிக்குள் எட்டிப் பார்த்தார்.

"லோடு..." என்றார்.

விஷயம் இதுதான். நாங்கள் அளந்தது மக்காச்சோள மூட்டைகளோடு அமுங்கி நின்ற வண்டியை. லோடு இறங்கியதும் ஸ்பிரிங் பட்டைகள் நிமிர்ந்து வண்டி எழும்பிவிட்டது. எஃப்.சி.க்குக் காலி வண்டியைத்தான் காட்ட வேண்டும். இது குழந்தைக்குக்கூடத் தெரியும். எங்களுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் பழைய பட்டறைக்கு வருகிற சேசிஸ் என்கிற அடிச்சட்டங்கள் எல்லாம் புத்தம் புதிதாக, வெறும் எலும்புக்கூடாக வரும். லோடு ஏற்றிய வண்டியை நாங்கள் பட்டறையில் பார்த்ததே கிடையாது!

"ஏனுங்க தம்பி, டயர்ல காத்தப் புடுங்கி உட்டா?" என்றார் சின்னராசு அண்ணன்.

"அப்புறம் வண்டியத் தள்ளிக்கிட்டே போங்கண்ணா" என்றார் பாய்.

அன்றைக்கென்று பராமரிப்புக்காக ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. வெல்டிங் கிடையாது, டிரில்லிங் கிடையாது. மாமனார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"மச்சான், இட்லித் தட்டு!" என்று பாய் கத்தினார்.

போல்ட்டைக் கழற்றி, பட்டையை இறக்கி, அதன் மேல் கோடி ஓட்டை லாரியின் அடிச்சட்டத்தோடு சேர்கிற மாதிரி மாட்டினோம். பம்பர் இறங்கியது. நாடாவைப் பிடித்தேன். இன்னும் ஒரு விரல் தூக்கல். இறக்க வேறு ஓட்டை இல்லை.

அப்போது கலாமணி குனிந்து பம்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, இதுல ஓட்டையெல்லாம் கீழ் ஓரமா இருக்குதுங்களே. சட்டத்தத் திருப்பி மாட்டுனா ஓட்ட மேல வந்துருமில்லீங்க, சட்டம் கீழ எறங்குமில்லீங்க?"

பாயும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு அவர் சிரித்தார் பாருங்கள், தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். "நான் தப்பா ஓட்டை போட்டது தப்பில்ல மச்சான்!"

சின்னராசு அண்ணன் முகம் மட்டும் வெளுத்துவிட்டது. "திருப்புனா சாமி பேரு தலகீழா நிக்குமே, சாமி. நான் அந்த வண்டிய எடுக்க மாட்டனுங்க."

அதுவும் நியாயம்தான். எழுத்தை அழித்தாக வேண்டும். பெயிண்டைக் கரைக்கிற தின்னர் இருந்தது, துடைக்கத் துணி இல்லை; இருந்த கழிவுத்துணியெல்லாம் எண்ணெய். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. மாமனார் எழுந்து வந்தார். தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து உதறி நீட்டினார்.

"இந்தாங்க மாப்ள. வெரசாத் தொடைங்க."

நான் தயங்கினேன். அவரே தின்னரை ஊற்றித் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

திருப்பி மாட்டினோம். அளந்தேன். சரியாக இருந்தது. இன்னொரு தரம் அளந்தேன். பாய் நாடாவைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். லாரி கிளம்பியது. அப்புறம் நாங்கள் நான்கு பேரும் ஒரே ஒரு செல்போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். யாரும் சாப்பிடவில்லை. மணி அடித்ததும் கலாமணிதான் எடுத்தாள். சின்னராசு அண்ணன் கத்தினது எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"பாஸுங்க! அந்த ஆபீசரு குனிஞ்சு ரெண்டு வாட்டி பாத்தாரு கண்ணு, எனக்கு உசுரே போயிருச்சு. பாஸு!"

மாமனார் அந்தப் போனை வாங்கி, மில்லுக்குப் போட்டார். "எங்க மாப்ள வரமாட்டாருங்க. இல்லீங்க, அவருக்கு இங்க வேலை இருக்குது."

அந்த ஷெட்டில் பல வருடம் ஓட்டினோம். இப்போது எங்கள் பட்டறை வேறு இடத்தில், பெரிய கொட்டகையில். பம்பரெல்லாம் முத்திரை குத்தி ரெடிமேடாக வந்துவிடுகிறது, நாங்கள் டூல் பாக்ஸும் ஏணியும் செய்கிறோம். பாய் மகனோடு ஓசூர் போய்விட்டார். மாமனார் காலமாகிவிட்டார். ரோட்டை அகலப்படுத்தியபோது வீட்டின் முன்பாதியை எடுத்துக்கொண்டார்கள். ஷெட் இருந்த இடம் இப்போது சர்வீஸ் ரோடு. அந்த இடம் வரும்போது நான் வண்டியைக் கொஞ்சம் மெதுவாக விடுவேன். பின்னால் வருகிற லாரிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே வந்து, என்னைத் திட்டிவிட்டு, ஷெட்டின் மேலேயே ஏறித் தாண்டிப் போய்விடுவான்.