மழையில் மடக்கிய குடை

மாலை நான்கு பத்துக்கு மழை வலுத்து, ஓடையில் வெள்ளம் வந்துவிட்டது. அலங்காநல்லூருக்கு வடக்கே மலையேறிவிட்டு இறங்கிய நானும் ஐந்து வயது மகளும் இக்கரையில் மாட்டிக்கொண்டோம். விசில், டார்ச், மாத்திரை எல்லாம் கொண்டுபோயிருந்தேன், குடையைத் தவிர.

அங்கே ஏற்கெனவே ஒருவர் தொப்பலாக நனைந்து நின்றிருந்தார். முறுக்கிய மீசை, கக்கத்தில் மடக்கிய புதுக் குடை.

"விரிக்கலாமே அண்ணே?"

"பொண்டாட்டி குடை சார். நனைஞ்சா கொன்னுருவா."

மகளுக்குக் குளிரில் பல் கிடுகிடுத்ததும் குடையை விரித்து அவள்மேல் பிடித்தார்.

"பயப்படாதீங்க, அவ தேடி வந்துருவா. குடை எங்கிட்டல்ல இருக்கு!"

இருட்டுமுன் கயிறும் இரண்டு ஆட்களுமாக அக்கரையில் அவர் மனைவி வந்து நின்றார்.

"யோவ், குடைய விரிச்சிட்டியா?" என்று கத்தியவர், பிறகுதான் என் மகளைப் பார்த்தார்.

"சாய்ச்சுப் பிடிய்யா, புள்ள நனையுது!"