எலுமிச்சைக்கடியில் எட்டு வருடக் கறுப்பு ஷீட்

"அன்னைக்கே வேண்டாம்னு சொன்னேன். களை வராது, பாம்பு வராது, பத்து வருசத்துக்குக் குனியவே வேண்டாம்னு கடைக்காரனாட்டப் பேசுனது நீதான். இப்பப் பாரு, எலுமிச்சை மரமே சாகப்போகுது. ஆடிப் பதினெட்டு வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள மண்ணு கண்ணுக்குத் தெரியலீன்னா மரத்தை வெட்டிப்போட்டு, பேவர் கல்லுப் போட்டு, காரை உள்ள உட்டுருவேன்."

என் வீட்டுக்காரர் காபி டம்ளரைக் கீழே வைக்காமல் ஒரே மூச்சில் சொன்னது இது. அப்போது ஆனி முடியப் பத்து நாள். ஆக, எனக்குக் கிடைத்த கெடு ஒரு மாதத்துக்கும் குறைவு.

தோட்டத்தில் களைத்தடுப்புத் துணியைப் போடுவது அரைநாள் வேலை. எடுப்பது அரை ஆயுள் வேலை. போட்டு மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும், இந்நேரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருப்பீர்கள். மாட்டாத பாக்கியசாலிகளுக்குச் சொல்கிறேன்: களை முளைக்காமல் இருக்க மண்மேல் விரிக்கும் கறுப்பு பிளாஸ்டிக் நெசவு அது. தண்ணீர் இறங்கும், வெயில் இறங்காது என்பார்கள். மேலே வெள்ளைக் கூழாங்கல்லைக் கொட்டினால் கொல்லைப்புறம் ஓட்டல் வாசல் மாதிரி ஆகிவிடும். சிங்காநல்லூரில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவான இடம். முழுக்க விரித்தேன். நடுவில் ஒரே ஒரு எலுமிச்சைக் கன்று.

எட்டு வருடத்தில் அந்த ஓட்டல் வாசலில் கோரை ஒரு முழ உயரம். எலுமிச்சையின் இலையெல்லாம் மஞ்சள்.

கேரண்டி

ஷீட்டைப் போட்டுக் கொடுத்த நர்சரிக்காரரையே முதலில் வரவழைத்தேன். வந்தார். காலால் கல்லை ஒதுக்கினார். எட்டு வருடச் சருகு மக்கிக் கல்லுக்கு மேல் இரண்டு அங்குலம் மண் சேர்ந்திருந்தது. புல் அதில் சொகுசாக வேர்விட்டு ஷீட்டுக்குள் இறங்கியிருந்தது. கோரையோ கீழிருந்து ஷீட்டை ஊசி மாதிரி குத்திக்கொண்டு மேலே வந்திருந்தது. மேலே ஒரு கூட்டம், கீழே ஒரு கூட்டம், நடுவில் என் காசு.

"பத்து வருட கேரண்டி என்றீர்களே, இது என்ன?" என்று பிடித்துக்கொண்டேன். அவர் துளியும் அலட்டிக்கொள்ளவில்லை. ஒரு மூலையைச் சிரமப்பட்டுக் கிள்ளி எடுத்து, இரண்டு கையாலும் இழுத்துக் காட்டினார். முகத்தில் அப்படியொரு பெருமை. "பாருங்க்கா, எட்டு வருசமாச்சு, ஒரு நூலு நைஞ்சிருக்குதா? தங்கமான சரக்குங்க. கேரண்டி துணிக்குத்தானுங்க, களைக்கு இல்லீங்க."

கார்

கான்வென்ட்டில் வருடம் தவறாமல் என் ரிப்போர்ட் கார்டில் சிஸ்டர் ஒரே குறிப்புதான் எழுதுவார்: பொறுமை போதாது. நாற்பது வருடம் கழித்தும் அதில் திருத்த ஒன்றுமில்லை. இரண்டு நாள் மண்வெட்டியோடு மல்லுக்கட்டி ஒரு மூலையை மட்டும் வெளியே எடுத்தேன். மூன்றாம் நாள் அந்த மூலையை நைலான் கயிற்றால் கட்டி, மறுமுனையைக் காரின் பின்கொக்கியில் மாட்டி, வீட்டுக்காரரை ஸ்டியரிங்கில் உட்கார வைத்தேன். "இது சரிவராது" என்றார். "நீங்கள் ஓட்டுங்கள், சரிவருவதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன்.

கார் நகர்ந்தது. ஷீட் வந்தது. சும்மா வருமா? கூழாங்கல் எல்லாத் திசையிலும் பறக்க, ஷீட்டுக்கு வெளியே ஓரமாக நின்ற செம்பருத்திச் செடி வேரோடு வர, அதன் பின்னாலேயே தொட்டிக்குப் போகும் தண்ணீர்க் குழாயும் மண்ணைப் பிளந்துகொண்டு வந்தது. 'டப்' என்று ஒரு சத்தம். தண்ணீர் ஆள் உயரத்துக்கு எழும்பியது. வீட்டுக்காரர் காரைவிட்டு இறங்கவேயில்லை, கண்ணாடியைக்கூட ஏற்றிக்கொண்டார். நான் தலை முதல் கால் வரை நனைந்து நிற்கும்போது காம்பவுண்டுச் சுவருக்கு மேல் பக்கத்து வீட்டு ராஜேஸ்வரி அக்காவின் தலை தெரிந்தது. "ஏனுங்க அம்மணி, போருப் போடறீங்கன்னு சொல்லவே இல்லீங்களே? எத்தன அடியில தண்ணி வந்துச்சுங்க?"

பாவும் ஊடையும்

குழாயை ஒட்டவைத்த பிறகு கடப்பாரை, அரிவாள், கடைசியில் வெறுங்கை என்று இறங்கினேன். இழுத்த இடத்திலெல்லாம் ஷீட் நார்நாராய்ப் பிரிந்ததே தவிர, முழுசாக ஒரு சாண்கூட வரவில்லை. கொல்லை முழுக்கக் கறுப்பு இழை பறந்தது. காக்கை ஒன்று கூட்டுக்கென்று ஒரு வாய் கவ்விக்கொண்டு போனது. எனக்கிருந்த ஒரே ஒத்தாசை அதுதான்.

பரிதாபப்பட்டு ராஜேஸ்வரி அக்கா ஓர் ஆளை அனுப்பிவைத்தார். பெயர் சரோஜா, சோமனூர்க்காரி, என்னைவிட நாலைந்து வயது இளையவள். பதினைந்து வருடம் விசைத்தறி ஓட்டியவள், இப்போது கிடைத்த வேலைக்கெல்லாம் போகிறாள். வந்தவள் மண்ணைத் தொடவேயில்லை. கிழிந்த துண்டு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். நகத்தால் ஓர் இழையை உருவினாள். "இது தறித்துணிதானுங்க. பிளாஸ்டிக்கா இருந்தா என்ன, நீளத்துக்குப் பாவு ஓடுது, குறுக்க ஊடை ஓடுது. நீங்க கோணையா இழுத்தா நார்நாராத்தான் வரும்" என்றாள்.

மேலே சேர்ந்த மண்ணையும் கல்லையும் முதலில் வாரி ஒதுக்கினோம். பிறகு பாவு ஓடும் வாக்கிலேயே ஓர் அடி அகலத்துக்குக் கத்தியால் நீளமாகக் கீறி, ஒவ்வொரு பட்டையாகப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டிக்கொண்டே போனாள். கோரை வேர் 'படபட'வென்று அறுபடும் சத்தம் இருக்கிறதே, கச்சேரி தோற்றது. இரண்டே நாளில் பாதிக் கொல்லை முடிந்தது. இத்தனை நாள் நான் பட்ட பாட்டை உருக்கமாகச் சொன்னேன். நறுக்கென்று பதில் வந்தது. "தறியில நூலு அந்துபோச்சுன்னா ஓனரு எங்களைத் திட்டுவாருங்க்கா. இங்க ஓனரே அத்துப்போட்டு நிக்கறீங்க, நான் ஆரைத் திட்டறது?"

டிபன் தட்டு

கடைசியில் எலுமிச்சையடிக்கு வந்தோம். சரோஜா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

ஷீட் போட்ட அன்று கன்று என் சுண்டுவிரல் கனம்தான். ஷீட்டின் மேல் டிபன் தட்டைக் கவிழ்த்து வைத்துக் கோடு போட்டு வட்டமாக வெட்டலாம் என்றார் நர்சரிக்காரர். அவ்வளவு பெரிய ஓட்டை பார்க்க அசிங்கமாக இருக்கும் என்று நான்தான் சட்னிக் கிண்ணம் வைக்கும் குட்டித் தட்டைக் கொண்டுவந்தேன். அழகான வட்டம். வந்த விருந்தாளிக்கெல்லாம் காட்டியிருக்கிறேன். இப்போது மரம் என் தொடை கனத்துக்கு அடிபெருத்து, அந்த அழகான வட்டம் அதன் கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்தது. மரப்பட்டை துணியை விழுங்கியிருந்தது. கீழே இறங்க வழியில்லாத வேரெல்லாம் கல்லுக்கடியில், ஷீட்டின் மேலேயே பாம்பு மாதிரி ஓடிக்கிடந்தது. மரம் மஞ்சளானதற்குப் பூச்சியைத் திட்டினேன், உரக்கடையைத் திட்டினேன், மாநகராட்சித் தண்ணீரைத் திட்டினேன். குற்றவாளி என் வீட்டு அலமாரியில் கழுவித் துடைத்து இருந்திருக்கிறது.

"ஒரே இழுப்பா இழுத்துப்போடு, வந்தா வருது, போனாப் போகுது, எப்படியும் கல்லுதானே போடப்போறோம்" என்றார் வீட்டுக்காரர். இழுத்தால் வேர் மொத்தமும் கையோடு வந்துவிடும் என்றாள் சரோஜா. பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தையல் வகுப்பில் கோணல் தையலைப் பிரிக்கச் சொன்னால் துணியையே கிழித்துப்போடும் ஆள் நான். மூன்று காலை, ஒவ்வொரு ஊடையாக வெட்டி, ஒவ்வொரு பாவாக உருவினேன். தடித்த வேருக்கடியில் மாட்டிய துண்டுகளை அப்படியே விட்டோம். மூன்றாம் நாள் கடைசி இழை வந்தபோது மரத்தைச் சுற்றி விரல் புதையும் அளவுக்குப் பள்ளம். வீட்டுக்காரர் குனிந்து அதைத் தடவிப் பார்த்தார். எழுந்து உள்ளே போய்விட்டார். பிழைக்குமா என்று சரோஜாவைக் கேட்டேன். "கழுத்துக் கவுறை அவுத்துட்டோமுங்க. பொழைக்கறதும் பொழைக்காததும் இனி அது இஷ்டம். நீங்க தட்டை எடுத்துட்டுக் கிட்ட வராம இருந்தாச் செரி."

ஆடிப் பதினெட்டு

கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே, காம்பவுண்டு ஓரத்து ஒரு பட்டை தவிர, மண் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் என்ன மண்! சாம்பல் நிறம். பல வருடம் திறக்காத இரும்புப் பெட்டியின் வாடை. கொத்திப் பார்த்ததில் ஒரு மண்புழு இல்லை. வீட்டுக்காரர் உடனே கட்சி மாறினார். "மண்ணு தெரியுது, செரி. அதுல உசுரு இருக்குதா? ஆடிப் பதினெட்டு நல்ல நாளு, மேஸ்திரியை அளக்கச் சொல்லியிருக்கேன்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் இரவுச் சமையலில் உப்பைக் குறைத்தேன். மறுநாள் சரோஜாவோடு சேர்ந்து மண்ணை இரண்டு முறை கொத்திப் புரட்டி, மூன்று மூட்டை மக்கிய சாணியைக் கலந்து, சாயந்தரத்துக்குள் பாத்தி கட்டி அவரையும் பூசணியும் ஊன்றிவிட்டேன்.

வீட்டுக்காரர் கருமத்தம்பட்டிப் பக்கம் தோட்டங்காட்டில் பிறந்தவர். முப்பது வருடமாக மோட்டார் உதிரிபாகம் செய்கிறார், மண்வெட்டி எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூட மறந்திருக்கலாம். ஆனால் அவர்கள் வீட்டில் விதைத்த காட்டுக்குள் செருப்போடு கால் வைத்தவன் அன்றைக்குச் சோறு கேட்க முடியாது. மறுநாள் காலை மேஸ்திரி டேப்பை விரித்துக்கொண்டு பாத்திக்குள் இறங்கினார். "ஏப்பா, செருப்பு! விதை போட்டிருக்குதில்ல, கண்ணு தெரியலையா?" என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் என் வீட்டுக்காரர். அவர் செருப்பு இரண்டும் படிக்கட்டிலேயே கிடந்தன. எப்போது கழற்றினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"எத்தன ஆழத்துல ஊனுனே?" என்று என்னைக் கேட்டார். இரண்டு இஞ்சு என்றேன். "அவரைக்கு எதுக்கு அத்தன ஆழம்?" என்று முணுமுணுத்துக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு குழியாக விரலால் கிளறத் தொடங்கினார். மேஸ்திரி கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். டேப்பைச் சுருட்டிக்கொண்டு, அப்படியானால் மறுபடி எப்போது வரட்டும் என்று கேட்டார். வீட்டுக்காரர் தலையை நிமிர்த்தவேயில்லை. "காய்ப்பு முடியட்டுமுங்க. தை கழியட்டும், பாக்கலாம்."

இப்போது

எலுமிச்சை இருந்த இலையில் பாதியைக் கொட்டிப் பத்து நாள் எங்களைப் பயமுறுத்தியது. பிறகு உச்சியில் இரண்டு இடத்தில் செந்நிறத்தில் கொழுந்து. அவரை பந்தலேறிவிட்டது. வருகிற ஒறம்பரை, சொந்தபந்தத்திடமெல்லாம் வீட்டுக்காரர், "பிளாஸ்டிக்கைப் போட்டு மண்ணைக் கொன்னுபோட்டாங்க, நாந்தான் எடுத்து உசுரு குடுத்தேன்" என்று விளக்கிக்கொண்டிருக்கிறார். சரோஜா வாயைப் பொத்திக்கொண்டு அக்கட்டால தள்ளிப் போய்விடுகிறாள்.

களை வராமலிருக்க நான் விரித்த துணியால் எட்டு வருடத்தில் வராமல் போனது மண்புழு ஒன்றுதான்.

காம்பவுண்டு ஓரமாக இன்னும் ஒரு பட்டை பாக்கி. இன்றைக்குச் சரோஜா லீவு. வீட்டுக்காரர் பத்தடி தள்ளி அவரைப் பந்தலுக்குள்தான் நிற்கிறார், கால் இரண்டும் நன்றாகத் தெரிகின்றன. ஒரு முனையைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுகிறேன்.

"ஏனுங்க, அந்தப் பக்கத்து முனையைக் கொஞ்சம் புடிக்கறீங்களா? ஏனுங்க, உங்களைத்தானுங்க..."