அருவியில் அம்மாவுக்குக் கிடைத்த இடம்

சாரல் விழுந்தால் ஊரே குற்றாலத்துக்குக் கிளம்பும். எங்கள் வீட்டில் மட்டும் முகம் சுண்டிப்போகும். மேலகரத்தில் எங்களுக்கு ஓட்டுக் கம்பெனி இருந்தது. சாரலில் பச்சை ஓடு காயாது; காயாத ஓட்டைச் சூளையில் அடுக்க முடியாது. எப்படியும் சும்மா கிடக்கிற நாள்தானே என்று, ஆடியில் ஒரு நாள் அப்பா கம்பெனி ஆட்கள் எல்லாரையும் மாட்டு வண்டிகளில் ஏற்றி அருவிக்கு அழைத்துப் போவார். எண்ணெயும் புளியோதரையும் எங்கள் வீட்டிலிருந்து போகும்.

எனக்கு எட்டு வயதில் அப்பாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தது. பேச்சும் போயிற்று. மறு வாரமே அம்மா கம்பெனியில் அப்பாவின் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அந்த நாற்காலி மேல் சித்தப்பாவுக்கு ரொம்ப நாளாக ஒரு கண். கம்பெனி வாசலில் நின்று நாலு பேர் காதில் விழும்படி சொன்னார்.

"பொம்பளைக்குக் கீழ எவம்லே வேலை செய்வான்? ஆடிக் குளியலுக்கு வண்டி கட்டட்டும். எத்தன பேரு ஏறுதாங்கன்னு பாப்போம்."

அம்மா வண்டி கட்டினாள். அன்று காலை வண்டிகள் காலியாக நின்றபோது அவள் பிடித்த பிடியில் என் கை வலித்தது. யாரும் ஏறாவிட்டால் கம்பெனி சித்தப்பாவுக்குத்தான் என்பது எனக்கே தெரியும். முதலில் வந்தவள் ஆவுடையக்கா, மண் சுமக்கிறவள். அவள் பின்னால் புருஷன், பிள்ளைகள், அப்புறம் சூளைக்காரர்கள். கடைசியில் இடம் போதாமல் என்னை யார் மடியிலோ திணித்தார்கள். சித்தப்பா தலைவலி என்று வீட்டுக்குப் போய்விட்டார். அம்மா ஜெயித்துவிட்டாள்.

பேரருவியில் பெண்கள் பக்கம் வழக்கமான நெரிசல். முந்தைய வருஷங்களில், "வாங்க மைனி, பயந்தா குளிக்க முடியுமா?" என்று அண்ணி முறை வைத்துக் கூப்பிட்டு ஆவுடையக்காதான் அம்மாவைத் தண்ணீருக்குள் இழுத்துப் போவாள். ஒருவருக்கொருவர் முதுகு தேய்த்துவிட்டுக்கொண்டு சிரிப்பார்கள். அம்மா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அங்கேதான்.

அன்று அம்மா இறங்கியதும் கம்பெனிப் பெண்கள் அத்தனை பேரும் விலகினார்கள். வெளியூர்ப் பெண்களையும் கையால் ஒதுக்கினார்கள். அந்தக் கூட்டத்தில், அருவிக்கு நேர் கீழே, ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு இடம் காலியானது.

"ஏட்டி ஆவுடை, வா. முதுகு தேய்க்கணும்லா" என்று அம்மா கூப்பிட்டாள்.

ஆவுடையக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "மொதலாளி குளிச்சிட்டு வாங்க. நாங்க பொறவு குளிக்கோம்."

அம்மா தனியாகப் போய் நின்று, தலையை நனைத்த கையோடு வெளியே வந்துவிட்டாள். எனக்கோ பெருமை தாங்கவில்லை. அந்த இடத்தில் கையை விரித்துச் சுற்றிச் சுற்றி ஆடினேன். எங்கள் அம்மாவுக்கு அருவியையே காலி செய்து தந்தார்கள் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

அதன் பிறகும் ஒவ்வொரு ஆடியிலும் அம்மா வண்டி கட்டினாள். எல்லாரையும் குளிக்க அனுப்பிவிட்டு, புளியோதரைப் பானைக்குப் பக்கத்தில் குச்சியோடு உட்கார்ந்து குரங்கு விரட்டுவாள். நான் கையைப் பிடித்து இழுத்தால், "எனக்குக் குளிருதுட்டி. நீ போய்க் குளி" என்பாள். வெயில் அடிக்கிற நாளிலும் அதையேதான் சொன்னாள். அம்மாவுக்குக் குளிர் ஆகாது என்றே ரொம்ப காலம் நம்பிக்கொண்டிருந்தேன்.