பூச்சிக்குத் தெரியாத வரி

தருமபுரி பட்டுக்கூடு ஏலத்தில் அன்று வந்த விலையைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. இப்போது எல்லாம் செல்போனில். நூல் எடுக்கிறவர்கள் கூட்டைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போய் ஒரு விலையைத் தட்டிவிடுகிறார்கள். யார் தட்டினது என்று தெரிந்தாலாவது இரண்டு வார்த்தை திட்டலாம். கேட்டால், சீனத்து நூல் மலிவாக வந்து இறங்குகிறதாம், அதற்கு மேல் கட்டாதாம்.

நானாக இருந்தால் கொடுத்துவிட்டு வந்திருப்பேன். விலை பிடிக்காவிட்டால் கூட்டைத் திருப்பி எடுத்துப் போகலாம் என்று ஒரு விதி இருக்கிறது; என் வீட்டுக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். இறக்குமதி வரி ஏறப்போகிறது என்று அவருக்குச் செல்போனில் சேதி வந்திருந்தது.

"ரெண்டு மூணு நாளு பொறு. வரி ஏறிட்டா சீனா நூலு வராது. அப்புறம் நம்ம கூட்டுக்குத்தான் கிராக்கி."

"உள்ள இருக்கற பூச்சி பொறுக்குமாங்க?" என்றேன்.

மூட்டைகள் எங்கள் ஊர் மாரண்டஹள்ளிக்கே திரும்பின. புழு கூடு கட்டிய சில நாளில் விற்றாக வேண்டும். தாமதித்தால் உள்ளிருப்பது பூச்சியாகிக் கூட்டைத் துளைத்து வெளியே வந்துவிடும். ஓட்டை விழுந்த கூட்டில் நூல் ஓடாது. வருஷக்கணக்காகப் புழு வளர்க்கிறவருக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். புழுக்களுக்காக மானியத்தில் வாங்கிய ஏர்கூலரைக் கூட்டின் பக்கம் திருப்பி வைத்தார். குளிர்ந்தால் பூச்சி தூங்குமாம். கோடை முழுக்க நான் வேர்த்து ஊற்றிக் கிடந்தபோது அதில் கைவைக்க விடாத மனுஷர்!

மறுநாளும் விலை ஏறவில்லை. அதற்கடுத்த நாள் காலை, கூடுகளைப் போட்டுவைத்திருந்த புழு மனைக் கதவைத் திறந்தேன். கூடுகளின் மேலெல்லாம் வெள்ளைப் பூச்சிகள் ஜோடி ஜோடியாகச் சிறகடித்துக்கொண்டிருந்தன. வேளை தவறாமல் மல்பெரித் தழை வெட்டிப் போட்டதெல்லாம் இதற்குத்தானா? அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அவர் செல்போனும் கையுமாக ஓடி வந்தார்.

"ஏ, நெஜமாவே வரிய ஏத்திட்டாங்க!"

பிறகுதான் பூச்சிகளைப் பார்த்தார். ஏலக் கூடத்துக்குப் போன் போட்டு விலை கேட்டார். அசையவே இல்லையாம். அவருக்கு வந்த சேதி வியாபாரிகளுக்கு வராமலா இருக்கும்? வரிக்கு முன்பே குடோன் நிறைய சீன நூலை இறக்கி வைத்துக்கொண்டார்களாம்.

கூலர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து போய் அதை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.