கௌனாக்கின் கரடிச் சீட்டு

ஊர்க் கூட்டத்தில் குலுக்கிப் போட்ட கரடிச் சீட்டு கௌனாக்குக்கு விழுந்தது, வாழ்நாளில் முதல் தடவையாக. சீட்டு இருந்தால்தான் அந்தக் குளிர்காலத்தில் ஒரு பனிக்கரடியைச் சுடலாம். தோலில் மகனுக்கு வேட்டைக் கால்சட்டை, கறியில் தெருவுக்கே விருந்து என்று அன்றைக்கே மனக்கோட்டை கட்டிவிட்டாள்.

கடல் உறைய வேண்டுமே. நவம்பர் போயிற்று, விரிகுடாவில் வெட்கமில்லாமல் அலை அடித்துக்கொண்டிருந்தது. தெற்கே யார் யாரோ பூமி சூடாகிற அளவுக்குப் புகைவிட்டுச் சொகுசாக வாழ, இங்கே வேட்டைக்குப் போக வழியில்லை. கௌனாக் தினமும் கரைக்குப் போய், வாயில் வந்தபடி திட்டிவிட்டுத் திரும்புவாள்.

"ஸ்னோமொபைல் பனிவண்டியைப் படகுல ஏத்திக்கிட்டுப் போயேன்," என்றான் பக்கத்து வீட்டு சிமியோனி.

"உன்னையும் ஏத்திக்கிறேன். தூண்டில்ல மாட்ட ஏதாச்சும் வேணுமே."

பனிப்பாளம் இல்லாவிட்டால் கரடிக்கும் தின்னக் கடல்நாய் கிடைக்காது. பசி தாங்காத கரடி ஒன்று, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற நேரத்தில் கௌனாக்கின் கறிக்கொட்டகையைப் பெயர்த்தது. சத்தம் கேட்டுப் பிள்ளைகள் அலறியதும் அது அவர்கள் பக்கம் திரும்பியது. கௌனாக் வாசலில் நின்றே சுட்டாள். குறி தப்பவில்லை.

வனவிலங்கு அலுவலகத்திலிருந்து லாரியில் வந்தவன் அவளுடைய அண்ணன் மகன் ஜோயலி. முகத்தைப் பார்க்காமலே பேசினான்.

"அத்தை, வருஷத்துக்கு இத்தனை கரடிதான்னு ஊருக்கு ஒரு பங்கு இருக்கே, ஊருக்குள்ள சுட்டாலும் அதுலதான் கழிப்பாங்க. மத்த சீட்டெல்லாம் ஏற்கெனவே இப்படித்தான் போச்சு. மிச்சம் இருந்தது உங்க சீட்டு ஒண்ணுதான். அதைக் குடுத்துடுங்க. தோலையும் நான் கொண்டுபோகணும்."

"புள்ளைங்களைத் தின்னுட்டுப் போன்னு விட்டிருந்தா, சீட்டு எங்கிட்டயே இருந்திருக்கும். அப்படித்தானே?"

"எம்மேல ஏன் பாயுறீங்க? கரடியைத் திட்டுங்க. நானா அதைக் கூப்பிட்டேன்?"

"கரடியைத் திட்டக்கூடாதுடா. எங்க இருந்தாலும் அதுக்குக் கேக்கும், அப்புறம் நம்ம கண்ணுலயே படாது. பாவம், அது பசியில வந்துச்சு. கடலை இந்தக் கதிக்குக் கொண்டுவந்தவனுங்க கிட்ட எந்தச் சீட்டைப் பிடுங்குவே? சொல்லு."

ஜோயலி கையை நீட்டினான். அவள் சீட்டை அதில் திணித்தாள். பிறகு குனிந்து, தானே தோலை உரித்தாள். விரல் கனத்துக்குக்கூடக் கொழுப்பு இல்லை. விலா எலும்புகள் துருத்திக்கொண்டு நின்றன.

ஜோயலி தோலைச் சுருட்டி லாரியில் போட்டான். "அடுத்த வருஷமும் குலுக்குவாங்க அத்தை. உங்க பேரு மறுபடி வரும்."

"பேரு வரும்டா. கடல் உறையும்னு எழுதிக் குடுத்துட்டுப் போ."

அவன் லாரியைக் கிளப்பினான்.