காற்றுக்கும் ஒரு நாள்

சமாதானத்தை ஆராயும் தொழிலுக்கு முதல் தகுதி, எங்கே சண்டை நடக்கிறது என்று ஊர் ஊராக விசாரித்துத் திரிய வெட்கப்படாமலிருப்பது.

பிறர் பணத்தில், பிறர் எழுதிய கேள்விகளை, பிறரிடம் கேட்டு வயிறு வளர்த்த அன்பர்களே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கடல் கடந்த நாடொன்றில் சட்டைப் பொத்தான் செய்து பெரும் செல்வரான ஒருவர், உலகத்தில் சண்டை ஓய வேண்டும் என்று தமது சொத்தை எழுதிவைத்துவிட்டுக் கண்ணை மூடினார். அந்தக் கொடை நிதியம் எங்கள் பேராசிரியருக்குப் பணம் கொடுத்தது. அவர் எனக்கு வேலை கொடுத்தார். எழுபதுகளின் பிற்பகுதி அது. திருகோணமலை இறங்குதுறைக்குப் பக்கத்தில் ஓர் அறை, ஓர் அலுமாரி, உட்கார ஒரு டசின் கதிரைகள், நான். இவ்வளவும் சேர்ந்ததுதான் ஆராய்ச்சி நிலையம்.

ஒரு 'ய்' போன கதை

பெயர்ப்பலகை எழுதியவர் நடுவில் ஒரு 'ய்'யை விழுங்கிவிட்டார். 'சமாதான ஆராச்சி நிலையம்' என்று பலகை தொங்கியது. ஒற்றுப் பிழையைக் கண்டால் எனக்குச் சோறு இறங்காது. ஆனால் உண்மையான அதிர்ச்சி அடுத்த நாள் காலையில் வந்தது. வாசலில் சனம் வரிசையாக நின்றது.

சிங்களக் கிராமங்களில் முன்பு ஊர்த் தலைமைக்காரரை ஆராச்சி என்பார்கள். அந்தப் பதவியை அரசாங்கம் ஒழித்துப் பல வருடமாகியிருந்தது. பத்திரங்களை உறுதிப்படுத்திக் கையெழுத்து வைப்பவர் சமாதான நீதவான். இரண்டு வேலைக்கும் ஒரே ஆளை அனுப்பியிருக்கிறார்கள் என்று சனம் முடிவுகட்டிவிட்டது. கப்பல்துறைக் கிராமத்திலிருந்து பிள்ளையின் பிறப்புச் சான்றிதழோடு வந்த ஒரு பெண்ணுக்கு நான் பொறுமையாக விளக்கினேன். 'சமாதானம்' என்ற சொல் பழைய உரைகாரர்களிடம் வேறு பொருளில் வரும், ஆட்சேபத்துக்குச் சொல்லும் பதிலைத்தான் அவர்கள் சமாதானம் என்பார்கள், நான் ஆராய்வது அதுவுமல்ல, நீதவான் வேலையுமல்ல என்றேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டுக் காகிதத்தை என் பக்கம் திருப்பினாள். "ஓம் ஐயா, விளங்குது. கையெழுத்து எங்க வைப்பீங்கள், மேலையோ கீழையோ?"

வரிசையில் கடைசியாக நின்றவர் மூதூர் சாலிகு முதலாளி. கரைவலைக்காரர். அவருடைய வழக்குப் பெரிது. மூதூருக்கும் சம்பூருக்கும் இடையில் கரைவலை இழுக்க நல்ல கடற்கரைத் துண்டு ஒன்று இருந்தது. அதைப் 'பாடு' என்பார்கள். அதில் ஒருநாள் சாலிகு முதலாளியின் வலை, மறுநாள் சம்பூர் நாகமணியரின் வலை. காற்று மிஞ்சி அடித்து ஒருவர் வலை போட முடியாமல் போனால், அந்த நாள் அவருக்கு நட்டமா, அல்லது மறுநாளும் அவருடையதா? இதில்தான் தகராறு. போன பருவத்தில் சாலிகு முதலாளியின் மகனுக்குத் துடுப்பால் அடி விழுந்து கை முறிந்திருந்தது. வரும் பருவத்தில் கத்தி வரும் என்று இரண்டு ஊரிலும் கதை அடிபட்டது.

எனக்கு நீதவான் அதிகாரமும் இல்லை, ஆராச்சி அதிகாரமும் இல்லை என்றேன். அவர் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"ரெண்டும் ஏலாதெண்டா, இவ்வளவு கதிரை என்னத்துக்குத் தம்பி?"

வலயம்

இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக்க வேண்டும் என்று அப்போது உலகமெங்கும் பேச்சு. எந்த வல்லரசால் உங்களுக்கு ஆபத்து என்று கரையோர மக்களிடம் கேட்டுவரும்படி பேராசிரியர் பணித்தார். சம்பூர்க் கடற்கரையில் நாகமணியர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தால் கப்பலையே திருப்பிவிடும் முகம். துறைமுகத்துக்கு நல்லெண்ண விஜயமாக வரும் போர்க்கப்பல்களைப் பற்றிக் கேட்டேன். நல்லெண்ணத்தில் வருகிறவர்கள்தான் வலையை அறுக்கிறார்கள் என்றார். பகைமையோடு வந்த கப்பல் எதையும் அவர் இதுவரை கண்டதில்லையாம்.

அடுத்த கேள்வியை உரிய கம்பீரத்தோடு வாசித்தேன். "இந்து சமுத்திரம் சமாதான வலயமாவதை ஆதரிக்கிறீர்களா?" அவர் ஊசியைக் கீழே வைத்தார். முதல் தடவையாக அக்கறை தெரிந்தது. வலயம் வேறு, வலை வேறு என்று நான் சொல்லத் தொடங்குமுன் அவர் வெகு தூரம் போய்விட்டார்.

"சமாதான வலையோ? கண் சின்னனோ பெரிசோ, அதைச் சொல்லும். சின்னக் கண்ணெண்டா எங்கட நெத்தலி மாட்டும், உங்கட வல்லரசு கிழிச்சுக்கொண்டு போயிடும்."

காற்று மறித்த பகல்

பேராசிரியருக்கு இந்தப் 'பாடு' பற்றிய தகராறு மிகவும் பிடித்துவிட்டது. உலக மகா முரண்பாடுகளின் சிற்றுருவம் என்றார். இரு தரப்பையும் மாதம் ஒருமுறை நிலையத்துக்கு அழைத்துத் தேநீரும் பணிஸும் கொடுத்து இருத்த வேண்டும். அவர்கள் சண்டை போடுவதை நான் மூலையிலிருந்து குறிப்பெடுக்க வேண்டும். வாய் திறக்கக்கூடாது. இதற்கு 'அவதானிப்பு' என்று பெயர். ஒருவர் வளவுக்குள் மற்றவர் காலடி வைக்காத காலம் அது. பட்டணத்து அறை யாருக்கும் சொந்தமில்லை என்பதால் இருவரும் வந்தார்கள். எதிரெதிர்ச் சுவரோடு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒருவரையொருவர் பாராமல் என்னிடம் திட்டினார்கள்.

பகல் திரும்ப, காற்று எழும்பியது. குடாவில் அலை வெள்ளையடிக்க, மூதூருக்குப் போகும் லோஞ்ச் படகு போகாது என்று அறிவித்துவிட்டார்கள். இருவருக்கும் வேறு போக்கிடமில்லை. திட்டித் தீர்ந்தது. பணிஸும் தீர்ந்தது. ஜன்னலால் காற்றைப் பார்த்தார்கள். இன்றைக்கு உன் நாளாக இருந்தால் என்ன செய்வாய் என்று ஒருவர் சுவரைப் பார்த்துக் கேட்க, உன் நாளாக இருந்தால் நீ என்ன செய்வாய் என்று மற்றச் சுவர் கேட்டது. காற்று எவ்வளவு அடித்தால் அதைக் காற்று என்று சொல்லலாம் என்பதில் ஒரு நீண்ட தர்க்கம். நான் எழுதி எழுதிக் கை ஓய்ந்துபோனேன். கடைசியில் நாகமணியர் கதிரையைச் சுவரிலிருந்து இழுத்து, முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் 'நானா' என்ற சொல்லால் எதிரியை முதல் தடவையாகக் கூப்பிட்டார்.

"காத்து உங்கட ஆளுமில்லை, எங்கட ஆளுமில்லை, நானா. அவனும் ஒரு பங்காளி. அவனுக்கும் ஒரு நாளைக் குடுத்துப்போட்டு, விட்ட இடத்திலயிருந்து துவங்குவம்."

பேராசிரியரின் துக்கம்

காற்றடித்த நாள் காற்றினுடைய முறை. மறுநாள், தவறவிட்டவருக்கு. அவ்வளவுதான் தீர்ப்பு. ஒவ்வொரு மாதமும் இருவரும் வந்து, எந்த நாளைக் காற்றுக்கு எழுதுவது என்று பேசி ஒத்துக்கொண்டு போனார்கள். அந்தப் பருவத்தில் கத்தி வரவில்லை. அடுத்த பருவத்திலும் வரவில்லை. மகிழ்ச்சியோடு பேராசிரியருக்கு அறிவித்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நெருங்கிய உறவினரை இழந்தவரின் முகம். மூன்று வருட ஆய்வுக்குப் பணம் வாங்கியிருந்தார். தகராறு முதல் கூட்டத்திலேயே செத்துப்போயிருந்தது.

"நீர் பக்கத்திலதானே இருந்தனீர், ஏன் தடுக்கேல்லை?"

அரங்கேற்றம்

நிதியத்தின் அதிகாரி நேரில் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. பார்த்துவிட்டுத்தான் அறைக்கு மேலும் பணம் தருவதா என்று முடிவெடுப்பாராம். நான் இரு முதலாளிமாரிடமும் விஷயத்தை உடைத்துச் சொன்னேன். சண்டை இல்லாவிட்டால் அறை இல்லை. அறை இல்லாவிட்டால் காற்றை எங்கே இருந்து பேசுவது? இருவரும் யோசித்தார்கள். "எவ்வளவு நேரத்துக்கு அடிபட வேணும்?" என்று சாலிகு முதலாளி கேட்டார்.  வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

அதிகாரி நல்ல மனிதர். சிவந்த முகம், மெல்லிய குரல். சண்டை அபாரமாகத் தொடங்கியது. பழைய சுவர்களுக்கே போய் இருந்துகொண்டார்கள். கை முறிந்தது வந்தது, கத்தி வந்தது, இரு பரம்பரைகளும் கடலில் எறியப்பட்டன. நான் மொழிபெயர்க்கத் திணறினேன். அதிகாரி உற்சாகத்தோடு தலையாட்டினார். அந்தக் கணத்தில் தேநீர் வந்தது. நாகமணியர், "உன்ர வலையைக் கொளுத்துவன்!" என்று கர்ச்சித்தபடியே எதிரியின் கோப்பையை எடுத்து, வழக்கம்போலச் சீனி போட்டுக் கலக்கி, எழுந்து கொண்டுபோய் நீட்டினார்.

"நானா, சீனி காணுமோ?"

அன்பான விடைபெறல்

நாங்கள் சிரித்தோம். அதிகாரியும் சிரித்தார். போகும்போது இறங்குதுறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, இவ்வளவு நல்ல மனிதர்களைத் தாம் எங்கும் கண்டதில்லை என்றார். உண்மையாகவே கண் கலங்கியிருந்தார். நிதியத்தின் பணம் முரண்பாடுள்ள இடங்களுக்கு மட்டுமே உரியது, அது கொடையாளியின் இறுதி விருப்பம் என்றார். அந்த மாத முடிவில் பெயர்ப்பலகை கழற்றப்பட்டது. கதிரைகளைப் பல்கலைக்கழக லொறி வந்து ஏற்றிக்கொண்டு போனது. அதிகாரி சொன்ன கடைசி வசனத்தை நான் இன்றுவரை மொழிபெயர்த்துப் பார்க்கிறேன். எந்த மொழியிலும் அதற்கு அதே பொருள்தான் வருகிறது.

"நிலைமை மோசமானால் தயங்காமல் எழுதுங்கள்."

எழுதினேன்

அறை போன பிறகு இருவரும் மூதூர்த் தேநீர்க் கடையொன்றில் சந்திக்கப் பார்த்தார்கள். அது சாலிகு முதலாளியின் ஆட்களுடைய கடை என்று சம்பூரில் கதை எழும்பியது. பிறகு சம்பூர்ப் பக்கம் ஒரு மரத்தடி. அது நாகமணியரின் ஆட்களுடைய மரம் என்று மூதூரில் கதை. சந்திப்பு நின்றது. அடுத்த பருவத்தில் மூன்று நாள் தொடர்ந்து காற்றடித்தது. அது காற்றா, வெறும் இளங்காற்றா என்று பேசிப் பார்க்க யாருமில்லை. நான்காம் நாள் இரண்டு வலையும் அந்தக் கடற்கரைத் துண்டில் ஒன்றாக இறங்கின. கத்தி வந்தது. நாகமணியரின் மூத்த மகனை லோஞ்சில் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். வலை இழுக்கிற கையில் இரண்டு விரல்கள் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் நாகமணியர் என்னைக் கண்டார். கண்டும் காணாதவர்போல் நின்றார்.

அன்றே நிதியத்துக்கு எழுதினேன். நிலைமை மோசமாகிவிட்டது, வாருங்கள் என்றேன். பதில் வர நாளெடுத்தது. அதற்குள் நாட்டிலும் காற்று மாறி, இனக் கலவரம் வெடித்திருந்தது. பதில் மரியாதையாக இருந்தது, தமிழிலேயே மொழிபெயர்த்து அனுப்பியிருந்தார்கள். அப்பகுதியின் தற்போதைய நிலைமை எமது பாதுகாப்பு ஆய்வாளர்களின் பாதுகாப்புக்கு உகந்ததாக இல்லை என்றிருந்தது. இரண்டாவது 'பாதுகாப்பு' அச்சுப் பிழையாக இருக்குமோ என்று மூன்று முறை வாசித்தேன். பிழையில்லை. எல்லா ஒற்றும் சரியாகவே இருந்தன.

சாலிகு முதலாளியை இறங்குதுறையில் கண்டபோது அந்தப் பதிலைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பூட்டிக் கிடந்த அறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"கதிரை போட்டு எங்கள இருத்தினது நீங்கதானே தம்பி. எழும்பச் சொல்லக்குள்ள, காத்த என்ன செய்யிறண்டு ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டீங்களே."

ஆக, அந்தப் பிறப்புச் சான்றிதழ்க்காரியிடம் நான் பழைய உரைகாரர்களைப் பற்றிச் சொன்னதுதான் சரி: கேட்டவருக்கு ஒரு பதிலைச் சொல்லிவிட்டுக் கதிரையையும் எடுத்துக்கொண்டு போவதற்குப் பெயர்தான் சமாதானம்.