ஜப்பானுக்குப் போன பூட்ஸ்

எங்கள் முதலாளி ஜப்பானுக்குப் போய் வந்து ஒரு புத்தகம் போட்டார். முதல் தடவை அந்த நாட்டுக்குப் போகிறவர்கள் எப்படிச் சிக்கனமாகப் போவது, எங்கே தங்குவது, அங்குள்ளவர்களின் பழக்கவழக்கம் என்ன என்றெல்லாம் அதில் இருக்கும். அட்டையில் கோட்டும் பூட்ஸுமாக அவர் நிற்கிற கலர் படம். உள்ளே இருப்பதை எழுதியவன் நான். அதில் ஒரே ஒரு பக்கத்தை மட்டும் அவருக்குத் தெரியாமல் எழுதினேன்.

அப்போது அறுபதுகளின் தொடக்கம். சிவகாசியிலிருந்து ஆனைக்குட்டம் போகிற வழியில் இருந்த ஒரு வெடி கம்பெனியில் நான் கிளார்க். காலையில் ஒவ்வொரு அறையாகப் போய் ஆள் கணக்கு எடுக்க வேண்டும், பிறகு நாளெல்லாம் டைப் அடிக்க வேண்டும். முதலாளி மல்லாங்கிணறு பக்கத்து நிலக்காரர். மழை ஏமாற்றிய வருஷங்களில் மானாவாரிக் காட்டில் பாதியை விற்றுக் கம்பெனி வைத்தவர். அவர் காட்டில் கூலிக்குப் போன குடும்பங்களே கம்பெனிக்கும் கூலிக்கு வந்தன. எங்கள் குடும்பமும் அதில் ஒன்று. என் அக்கா மருந்து அறையில் இருந்தாள். வெடிமருந்தைச் சலித்துக் கலக்குகிற அறை அது. அந்தக் கூலியில்தான் என்னை எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் படிக்க வைத்தாள். நான் முதல் சம்பளத்தில் தோல் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தபோது, தெருவே பார்க்கட்டும் என்று என்னை இரண்டு தடவை கடைக்கு அனுப்பினாள்.

மருந்து அறைக்கு ஒரு சட்டம் உண்டு. செருப்போடு உள்ளே போகக் கூடாது. அடியில் இருக்கும் ஆணி தரையில் உரசி ஒரு பொறி கிளம்பினால் போதும், அறையோடு எல்லாரும் போய்ச் சேர வேண்டியதுதான். இதை வாசல் சுவரில் சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தார்கள். சட்டம் வேலையாட்களுக்கு. அவர்கள் வீட்டிலிருந்தே வெறுங்காலோடு வந்ததால், அதை மீறுகிற வசதி யாருக்கும் இருக்கவில்லை. முதலாளி மட்டும் பூட்ஸோடு உள்ளே போவார். மெட்ராஸில் பழைய சாமான் கடையில் வாங்கிய பூட்ஸ் அது. குதிகால் தேயக் கூடாது என்று இரும்பு லாடம் அடித்து வைத்திருந்தார். அந்தச் சத்தம் கேட்டதும் பெண்கள் சலிப்பதை நிறுத்தி மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அதை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

"ஏலே, அந்த லாடம் என்னைக்காச்சும் ஒரசிச்சுனா நாங்க ஏழு பேரும் கரிதான்" என்று அக்கா ஒருநாள் சோறு போடும்போது சொன்னாள். "உள்ள செருப்புக் காலு ஒண்ணு நொழஞ்சாலே நான் கொலசாமியக் கும்பிட்டுக்கிறேன். எழுதுற வேலைதான பாக்குற, எதையாச்சும் எழுதிக் குடேன்."

"எழுதுனா என்னையும் வெளிய அனுப்பிருவாரு, ஒன்னையும் அனுப்பிருவாரு" என்றேன். அன்றைக்கு என் தட்டில் குழம்பு கொஞ்சம் குறைவாக விழுந்தது.

அந்த வருஷம் முதலாளிக்கு நீலப் பைத்தியம் பிடித்தது. எங்கள் வாணவெடியில் சிவப்பு வரும், பச்சை வரும், நீலம் மட்டும் சாம்பல் பூத்துப் போகும். ஜப்பான்காரர்கள் அசல் நீலம் காட்டுகிறார்கள் என்று யாரோ சொல்ல, அங்கே ஒரு வெடி ஆலைப் பெரியவருக்கு நான் லெட்டர் மேல் லெட்டராக அடித்தேன். ஒரு வழியாக, நேரில் வந்தால் காட்டுகிறேன் என்று அவர் பதில் போட்டார். இங்கிலீஷ் பேச ஒரு ஆள் வேண்டும். அங்கே போய் ஆள் பிடித்தால் செலவு. நான் ஏற்கெனவே சம்பளத்தில் இருக்கிறவன். அப்படித்தான் எனக்கு வெளிநாட்டு யோகம் அடித்தது.

புறப்படும்போது அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள். "எனக்குச் சேலையும் வேணாம், சீப்பும் வேணாம். அங்கன மொதலாளிமாரு மருந்து ரூமுக்குள்ள எப்பிடிப் போறாகனு மட்டும் பாத்துட்டு வா."

கல்கத்தாவில் கப்பல் ஏறினோம். டெக் டிக்கெட், அதாவது மேல்தளத்தில் பாயை விரித்துப் படுத்துக்கொள்ள வேண்டியது. பெட்டியில் அவல், பருப்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், ஒரு டின் சாத்தூர் சேவு, ஒரு பம்ப் ஸ்டவ். கப்பலில் சாப்பாட்டுக்குத் தனிக் காசு என்றதும் முதலாளி சுத்த சைவமாகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கறி இல்லாவிட்டால் தட்டைத் தள்ளிவிடுகிற மனிதர் அவர். ஜப்பானில் அந்தப் பெரியவர் செலவில் மீன் வந்தபோது சைவம் எங்கே போனதோ தெரியவில்லை. முள்ளைக்கூட விடாமல் சாப்பிட்டார்.

அவர்கள் ஊரில் யாரைப் பார்த்தாலும் இடுப்பு வரைக்கும் குனிந்து வணங்குவார்கள். நாமும் குனிய வேண்டும், அதுதான் முறை. முதலாளி ஒரு தடவைகூடக் குனியவில்லை. காட்டில் கூலிக்காரர்கள் கும்பிடும்போது தலையை லேசாக ஆட்டுவாரே, அதே ஆட்டல். "பாத்தியாலே, நம்ம பவுசு இம்புட்டு தூரம் தெரிஞ்சிருக்கு" என்று என்னிடம் சொன்னார். முதல் தடவை ஒருவரைப் பார்க்கப் போனால் ஏதாவது பரிசு கொண்டுபோக வேண்டும் என்று கப்பலில் ஒருவர் சொல்லியிருந்தார். முதலாளி அதையும் விடவில்லை. கம்பெனி பேரில் அச்சடித்து மிச்சமான போன வருஷத்துக் காலண்டரைச் சுருட்டிக் கொடுத்தார். பெரியவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

நாங்கள் தங்கிய சத்திரம் மலிவானது. குளிக்கப் பொதுக் குளியல் அறைதான். அங்கே தொட்டிக்கு வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டு உடம்பைக் கழுவிவிட்டுத்தான் வெந்நீர்த் தொட்டியில் இறங்க வேண்டும். தொட்டித் தண்ணீர் எல்லாருக்கும் பொது. முதலாளி நேரே உள்ளே இறங்கினார். உள்ளேயே சோப்புப் போட்டார். போட்டது போட்டாச்சு என்று பனியனையும் துவைத்துக்கொண்டார். தொட்டியில் இருந்த ஐந்தாறு பேர் சத்தமில்லாமல் எழுந்து போனார்கள். "பெரிய மனுசன்னு ஒதுங்கி எடம் விடுறான் பாரு" என்றார். ஓட்டலில் இனாம் வைத்தால் தெரு வரைக்கும் ஓடி வந்து திருப்பிக் கொடுப்பார்கள் என்ற ஒரு பழக்கத்தை மட்டும் அவர் மனசார ஏற்றுக்கொண்டார்.

வீடுகளில் செருப்பைக் கழற்றுவதில் அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை. நம் ஊரிலும் அப்படித்தானே. சத்திரத்து வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு, ஓட்டைக் காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்க்க, ராஜா மாதிரி நடந்தார். வில்லங்கம் வெடி ஆலையில்தான் வந்தது.

மருந்து அறை ஒரு சின்ன மரக் குடில். வாசலில் ஒரு மர அலமாரி, அதில் வரிசையாகச் செருப்புகள். பெரியவர் எங்களுக்கு முன்னால் போய்க் குனிந்து தன் ஷூவைத் தானே கழற்றி வைத்தார். அந்த அலமாரியில் அவர் ஷூவுக்கும் அங்கே வேலை செய்கிற ஒரு பெண்ணின் செருப்புக்கும் நடுவில் இடைவெளி இல்லை. பிறகு ஆணியில்லாத துணிச் செருப்பு இரண்டு ஜோடி எடுத்து எங்கள் முன்னால் வைத்தார்.

முதலாளி அசையவில்லை. வீட்டில் கழற்றுவது வேறு. கம்பெனியில் வெறுங்காலோடு நிற்கிறவன் வேலையாள். முப்பது வருஷமாக அவர் கண்ட உலகம் அது.

"நான் மொதலாளினு அவருகிட்ட சொல்லு" என்றார்.

"அவரும் மொதலாளிதான். அவரே கழட்டிட்டாரு."

"அது அவரு கொணம். எனக்கு ஒரு கெத்து இருக்குல்ல. நீ சொல்லு."

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். நான் என் கான்வாஸ் ஷூவைக் கழற்றக் குனிந்தபோது, "நீ எங்கூட வந்தவன்லே, நிமிரு" என்று அதட்டினார். நிமிர்ந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சிகூட இருந்தது. கழற்ற வேண்டாதவர்கள் பக்கத்தில் என்னையும் சேர்த்துக்கொண்டாரே.

பெரியவர் எங்கள் நாலு கால்களையும் பார்த்தார். கோபப்படவில்லை. சிரித்தார், ரொம்பத் தாழக் குனிந்து வணங்கினார், கதவைச் சாத்தினார். மரத்தடியில் தேநீர் கொடுத்து, எங்கள் ஊர் மழையைப் பற்றி விசாரித்து அனுப்பி வைத்தார். கப்பலில் பாயை விரித்துப் படுத்துப் போனது எந்த நீலத்துக்கோ, அந்த நீலத்தை நாங்கள் பார்க்கவே இல்லை.

ஊர் திரும்பியதும் விருதுநகர் வியாபாரிகளிடம், ஜப்பானியனே எழுந்து நின்று வழிவிட்டான் என்று முதலாளி அளந்தார். அதோடு நிற்காமல் புத்தகம் போடச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். டெக் டிக்கெட்டே உடம்புக்கு நல்லது, காற்றோட்டம் உண்டு. சேவு எடுத்துப் போகவும், கெடாது. இனாம் கொடுத்து அவர்களை அவமானப்படுத்த வேண்டாம். ஜப்பானியர் இந்திய முதலாளிகளைக் கண்டால் தானாகவே தலை வணங்குவர். கை கூசாமல் அத்தனையும் எழுதினேன்.

அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். அந்த அலமாரியைப் பற்றி மட்டும் இரண்டு தடவை கேட்டாள். கேட்டுவிட்டு, "அப்ப எழுது" என்றாள்.

அன்றைக்கே எழுதினேன். "வெடி ஆலையில் மருந்து அறை வாசலில் முதலாளியே முதல் ஆளாகக் காலணியைக் கழற்றுகிறார். அதைப் பார்த்து நானும் கழற்றினேன். இனி எங்கள் கம்பெனியிலும் அப்படியே நடக்கும்" என்று முதலாளி சொல்வதாகவே எழுதி, நடுப் பக்கத்தில் சொருகினேன். தன் படம் நன்றாக விழுந்திருக்கிறதா என்பதைத் தவிர அவர் எதையும் பார்க்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அச்சாகி வரும் வரைக்கும் எனக்குத் தூக்கம் இல்லை. பிடிபட்டால் வீட்டில் இரண்டு கூலியும் நின்றுவிடும்.

முதலாளி புத்தகத்தை வியாபாரிகளுக்கெல்லாம் அனுப்பினார். ஆயுத பூஜைக்கு வேலையாட்களுக்குப் போனஸ் கொடுக்க வேண்டிய இடத்தில், ஆளுக்கு ஒரு பொட்டலம் பொரியும் ஒரு புத்தகமும் கொடுத்தார். அவர்களில் பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. அந்த ஒரு பக்கத்தை நான் அவளுக்கு மூன்று தடவை வாசித்துக் காட்டினேன். அவள் மற்ற ஆறு பேருக்கும் மனப்பாடமாக ஒப்பித்தாள்.

ஒரு வாரம் கழித்து விருதுநகரிலிருந்து இரண்டு வியாபாரிகள் கம்பெனியைப் பார்க்க வந்தார்கள். மருந்து அறை வாசலில் இருவரும் செருப்பைக் கழற்றினார்கள். "அந்த ஒரு பக்கத்துக்கே ஒங்களக் கும்பிடணும் அண்ணாச்சி. யாருக்கு வரும் இந்த மனசு" என்றார் ஒருவர். முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே கால் வைக்கப் போனார். அக்கா சல்லடையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"மொதலாளி, புஸ்தகத்துல போட்டிருக்கீகளே" என்றாள்.

வியாபாரிகள் சிரித்த முகத்தோடு காத்திருந்தார்கள். முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் என் வேலை ஒரு தடவை போய்த் திரும்ப வந்தது. புத்தகம் தன்னுடையது இல்லை என்று அவர்கள் முன்னால் எப்படிச் சொல்வார்? சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து பூட்ஸைக் கழற்றினார். காலுறையில் அதே ஓட்டை, அதே பெருவிரல். அவர் உள்ளே நடந்தபோது சத்தமே இல்லை. முதல் தடவையாக அவர் இருக்கும்போது சலிக்கிற சத்தம் நிற்காமல் கேட்டது.

வாசலில் கிடந்த பூட்ஸைப் பார்த்து நான் பூரித்துப் போய் நின்றேன். பேனாவால் ஒரு மனிதனை வெறுங்காலோடு நடக்க வைத்தாயிற்று. "ஏலே, ஆர்டர் நோட்டக் கொண்டா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. நோட்டை எடுத்துக்கொண்டு, தினமும் ஆள் கணக்கு எடுக்கப் போவதுபோல விறுவிறுவென்று உள்ளே போகப் பார்த்தேன்.

அக்கா வாசலை மறித்து நின்றாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆணி அடித்த என் தோல் செருப்பைப் பார்த்தாள்.

"ஏலே, ஒனக்குத் தனியா ஒரு புஸ்தகம் போடணுமா?" என்றாள்.

நான்கு வருஷமாக அந்தச் செருப்போடுதான் தினமும் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். குனிந்து கழற்றினேன்.